குடித்தால் நிதானம் இழக்கும் நண்பனைச் சமாளிப்பது எப்படி: ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

நாலு பேர் கூடிக் குடித்தால் அதில் ஒருவன் வேறு ஆளாக மாறிவிடுவான். பைக்கை எடுத்துக்கொண்டு இப்போதே பாம்பன் பாலத்துக்குப் போக வேண்டும் என்பான். இருட்டில் கடலில் இறங்குவான். எப்போதோ முடிந்துபோன படகுப் பங்குக் கணக்கைக் கிளறிச் சண்டைக்கு நிற்பான். அவனோடு இருக்கும் குடிக்காத ஆள், அல்லது குறைவாகக் குடித்த ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்கு.

இந்த வேலையில் புதிதாக மாட்டுகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். போதை ஏறியபின்தான் வேலையையே தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். வாகனம், தண்ணீர், மூச்சு என்று உயிர் போகும் வழிகளை அடைப்பதோடு சரி. மற்றதெல்லாம் பாட்டில் திறக்கும் முன்பும் மறுநாள் அவன் தெளிந்த பின்பும் செய்ய வேண்டியவை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. உங்கள் ஆள் எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாக் குடிகாரனுக்கும் ஒரே மருந்து கிடையாது. வண்டி ஓட்டத் துடிப்பவனுக்குச் சாவி பிரச்சினை. சண்டைக்காரனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் பிரச்சினை. அழுது புலம்புகிறவனுக்குக் கைப்பேசி பிரச்சினை. சத்தமே போடாமல் மட்டையாகிறவனைத்தான் எல்லோரும் 'நல்ல பையன்' என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அவனிடம்தான் அதிகக் கவனம் வேண்டும், காரணம் 7ஆம் பகுதியில்.

இன்னொன்றையும் பாருங்கள். எப்போதாவது குடித்துவிட்டு ஆட்டம் போடுகிறவனா, தினமும் குடிக்கிறவனா? காலையில் கை நடுங்குகிறதா, ஒருநாள் விட்டால் தூக்கம் வராமல் தவிக்கிறானா? அப்படியென்றால் அவன் விஷயம் நண்பர்கள் மட்டும் கையாளக்கூடியது இல்லை. நேராகக் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு அப்புறம் இங்கே வாருங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

குடிக்காத ஒருவர், பெயர் சொல்லி முடிவானவராக இருக்க வேண்டும். 'யாராவது பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். 'நான் ரெண்டு பெக்கோட நிறுத்திக்கிறேன்' என்கிற ஆளும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

எண்களைக் கைப்பேசியில் பெயரோடு பதிந்து வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108, காவல் உள்ளிட்ட எந்த அவசரத்துக்கும் 112. கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. பெண்கள் உதவிக்கு 181. இந்த ஐந்தையும் அந்த நேரத்தில் தேட முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் சிக்னலும் சில இடங்களில் கிடைக்காது.

அவன் வீட்டில் பொறுப்பாகப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணும் வேண்டும். அம்மாவா, மனைவியா, அண்ணனா என்பதை அவனிடமே நிதானத்தில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை நோய், வலிப்பு, தூக்க மாத்திரை ஏதாவது உண்டா என்பதையும் அதோடு கேட்டு வையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவன் சாப்பிடாமல் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதன் அறிகுறியும் உளறல், தள்ளாட்டம், வியர்வைதான். பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள்.

அப்புறம் தண்ணீர், சாப்பாடு. சாப்பாட்டை முதலில் பரிமாறுங்கள். வயிறு நிறைந்திருந்தால் சாராயம் ரத்தத்தில் மெதுவாக ஏறும். குடித்து முடித்தபின் பரோட்டா வாங்கிக் கொடுத்தால் ஏறிய போதை இறங்கப் போவதில்லை.

3. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் கூட்டம் சேரும் இடமே ஆபத்தான இடம். கடற்கரை மணல், மீன்பிடி ஜெட்டி, பாலத்தடி, கருவேலங்காட்டு ஓரம். காற்று வரும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் யாரும் காப்பாற்றவும் வர மாட்டார்கள்.

ஒரு வீட்டு மொட்டை மாடியைவிட ஒரு வீட்டு முற்றம் நல்லது. மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும், சிறுநீர் கழிக்க ஓரத்துக்குப் போவான். கிணறு இருக்கும் தோப்பு வேண்டாம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய தெருவாக இருக்க வேண்டும். தீவுப் பக்கம் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பனிலிருந்து ராமநாதபுரம் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

திருவிழா இரவுகளில், முளைப்பாரியோ தேர்பவனியோ நடக்கும்போது, அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. ஒருவன் தடுமாறிப் போய்க் கூட்டத்தில் ஒரு வார்த்தை விட்டால் அது அவனுடைய சண்டையாக நிற்காது, இரண்டு தெருவின் சண்டையாகிவிடும்.

4. சாவியைக் குடிப்பதற்கு முன்பே வாங்குங்கள்

குடித்தபின் சாவி கேட்டால் 'என்னை என்ன குடிகாரன்னு நெனச்சியா?' என்று ஆரம்பிப்பான். முன்பே கேட்டால் சிரித்துக்கொண்டே தருவான். வேறு எந்தத் தந்திரமும் இதற்கு ஈடாகாது. எல்லோர் சாவியையும் ஒன்றாக ஒரு டப்பாவில் போட்டு, குடிக்காதவர் வைத்துக்கொள்ளட்டும். அவன் சாவியை மட்டும் வாங்கினால் ரோஷம் வரும்.

வெறும் பேச்சில் மசியாதவனுக்குச் சட்டத்தைச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெறும் வயிற்றில் ஒரு கட்டிங் (90 மில்லி) அடித்தாலே பலருக்கு இந்த அளவு தாண்டிவிடும். குடித்தவனை ஓட்டச் சொல்லித் தூண்டியவர்களுக்கும் 188ஆம் பிரிவில் அதே தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மீதும் இதைப் போட்டிருக்கிறார்கள். 'நான் ஓட்டலையே சார்' என்பது அங்கே எடுபடாது.

சாலைகளையும் நினைவில் வையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இரவில் மாடும் ஆடும் தார்ச்சாலைச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலை அள்ளிப் போட்டிருக்கும், இரண்டு சக்கர வண்டி அதில் ஏறினால் நிதானத்தில் இருப்பவனுக்கே சறுக்கும். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள், குறுக்கே காற்று தள்ளும்.

சாவி தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள், அல்லது வண்டியை வேறு தெருவில் கொண்டுபோய் விடுங்கள். 'வண்டி ஸ்டார்ட் ஆகலை மாப்ள, காலையில பாப்போம்' என்றால் முடிந்தது. பொய்தான். இந்த ஒரு பொய்க்கு நான் தயங்குவதில்லை.

5. தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்

கடலோரப் பையன்களிடம் இதைச் சொல்வதுதான் கடினம். 'நான் பொறந்ததே கடல்ல' என்பான். நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான் தயங்காமல் இறங்குவான், அதனால் அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

போதையில் உடல் சூட்டை வேகமாக இழக்கும், கைகால் ஒத்திசைவு போகும், தொண்டைக்குள் தண்ணீர் போனால் இருமித் தள்ளும் அனிச்சைச் செயல் மந்தமாகும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற மதிப்பும் தப்பும். அதனால் இடுப்பளவுத் தண்ணீரிலேயே ஆள் போகலாம்.

வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம்போலத் தெரிவதால் அதை யாரும் மதிப்பதில்லை. வாடைக் காலத்தில் அதுவும் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றடிக்கும் கச்சான் காலத்தில் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) அலை ஓங்கி அடிக்கும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுத்துப் போகும். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் பகலிலேயே குளிக்கக் கூடாது. ஆழமில்லாத இடத்தில்கூட இருட்டில் திருக்கையை மிதித்தால் முள் ஏறும்.

யாராவது இறங்கிவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், மரப்பலகை, மிதவை எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். கரையில் கட்டிக் கிடக்கும் வள்ளத்துக்காரரைக் கூப்பிடுங்கள், 1093ஐயும் அழையுங்கள். போதையில் மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவனைத்தான் பிடித்து அமுக்குவான். வெளியே எடுத்தபின் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், தண்ணீர் குடித்திருந்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைத் தரும்.

6. போதை ஏறியபின் பேசும் முறை

ஒருவர் மட்டும் பேசுங்கள். நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் புத்தி சொன்னால் அவனுக்கு அது தாக்குதலாகத் தெரியும். குரல் தாழ்வாக, வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். அவனுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். முகத்துக்கு நேரே நிற்பது சண்டைக்கு அழைப்பு. பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாலும் அடிக்கத்தான் திரும்புவான்.

'கூடாது' என்று சொல்லாமல் 'அப்புறம்' என்று சொல்லுங்கள். 'தனுஷ்கோடிக்குத்தானே? போவோம் மச்சான், மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுவோம்.' சாப்பாடு போதையைக் குறைக்காது, நேரத்தை வாங்கித் தரும். அரை மணி நேரத்தில் அவனுக்குத் தனுஷ்கோடி மறந்து வேறொன்று பிடித்திருக்கும்.

சண்டை முற்றினால் குடித்தவனை நகர்த்தப் பார்க்காதீர்கள், எதிராளியை நகர்த்துங்கள். அவர் நிதானத்தில் இருப்பார், சொன்னால் கேட்பார். கண்ணிலிருந்து ஆள் மறைந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எப்போதும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கைப்பேசியை 'சார்ஜ் போடுறேன், குடு' என்று சீக்கிரமே வாங்கிவிடுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு அனுப்பிய குரல் செய்தியால் பேச்சு முறிந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். போதையில் கூகுள் பே வழியாகப் பணத்தை வாரி இறைப்பவர்களும் உண்டு.

நீங்கள் வீடியோ எடுக்காதீர்கள். சாட்சிக்கு, திருத்துவதற்கு என்று எந்தக் காரணம் சொன்னாலும் அது காலையில் நாலு குழுவில் இருக்கும். அப்புறம் அவன் உங்களை நம்ப மாட்டான், நீங்கள் பேசப்போகும் எதையும் கேட்க மாட்டான்.

கத்தியோ பாட்டிலோ கையில் எடுத்துவிட்டால் நட்பு வேலை முடிந்தது. விலகி நின்று 112ஐ அழையுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் அவரை உள்ளே போகச் சொல்லுங்கள்.

7. மட்டையானவனைப் படுக்க வைப்பது

இங்கேதான் உயிர் போகிறது. 'தூங்கட்டும், காலையில சரியாகிடும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவது பெரிய தவறு. கடைசிக் கிளாஸ் குடித்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ரத்தத்தில் சாராய அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். படுக்கும்போது பேசிக்கொண்டிருந்தவன் பிறகு எழுப்பினால் எழாமல் போகலாம்.

மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கி முன்னால் போடுங்கள். மேலே இருக்கும் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள். தலை சற்றுப் பின்னால் சாய்ந்து, வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு தலையணையோ சுருட்டிய கைலியோ வைத்தால் புரண்டு மல்லாக்க மாட்டான். கட்டில் வேண்டாம், தரையில் பாய் போதும்.

தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடல் ஏற்கெனவே குளிர்ந்துகொண்டிருக்கும். மோர், எலுமிச்சை, காபி எதுவும் போதையை இறக்காது. அரை மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அதே காரணத்துக்காக வேண்டாம். கல்லீரல்தான் எரித்து முடிக்க வேண்டும், அதற்கு நேரம் மட்டும்தான் மருந்து.

அடிக்கடி போய்ப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, அதற்கும் அசையாவிட்டால் விரல் முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்துங்கள். முனகினால் மட்டும் போதாது, கண் திறந்து பதில் சொன்னால்தான் சரி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள்: எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம், உடல் சில்லிட்டிருக்கிறது, வலிப்பு, மயக்கத்திலேயே வாந்தி. விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளி எழவில்லை என்றாலும் அப்படித்தான்.

டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. அந்த நேரத்துக்கு வெளியே எங்கோ கிடைத்த சரக்கைக் குடித்தவன் கண் மங்குகிறது, வயிறு பிடித்து இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் என்ற விஷமாக இருக்கலாம். இந்த அறிகுறிகள் பல மணி நேரம் கழித்து, மறுநாளும் வரலாம். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் எல்லோரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் தாமதமாக வந்தவர்கள் பலர் பிழைக்கவில்லை.

மருத்துவரிடம் 'ஃபுட் பாய்சன்' என்று சொல்லி மறைக்காதீர்கள். என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது, என்ன மாத்திரை சாப்பிட்டான் என்பதைச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

8. காலையில் கடலுக்குப் போகிற ஆள் என்றால்

இதை எந்த ஊர் அறிவுரையிலும் சொல்ல மாட்டார்கள், நமக்கோ இதுதான் தினப் பிரச்சினை. கணக்கு இப்படி. ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி, ஏறத்தாழ 60 கிராம் சாராயம். சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் எட்டு முதல் பத்து கிராம் எரிக்கும். ஆக ஒரு குவாட்டர் முழுதாக இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம். இரவு 10 மணிக்குள் இரண்டு குவாட்டர் அடித்தவனுக்கு மறுநாள் நண்பகலுக்குப் பிறகும் உடலில் மிச்சம் இருக்கலாம். அவன் காலையில் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிப் படகு ஏறினால் போதையில்தான் ஏறுகிறான்.

படகில் வலை இழுக்கும் வின்ச் ஓடும், கயிறு காலைச் சுற்றும், வலை மடி இறக்கும்போது ஒரு நொடி தப்பினால் ஆள் தண்ணீரில். இரவில் தூக்கம் வழிந்தால் எல்லையைத் தாண்டியது தெரியாது. அப்புறம் இலங்கைக் கடற்படை பிடித்தால் படகில் இருக்கும் எல்லோரும் உள்ளே. ஒருவன் குடித்ததற்கு அத்தனை குடும்பம் கலெக்டர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலையும்.

அதனால் படகு டிரைவரிடம் இரவே உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'அண்ணே, அவன் நாளைக்கு வர்ற நிலையில இல்ல, வேற ஆள் பாத்துக்குங்க.' படகு உரிமையாளரிடம் நேராகப் போக வேண்டாம், அங்கே போனால் வேலையே போகும். டிரைவர் கடலில் அந்த ஆளோடு நிற்கப் போகிறவர், அவருக்குத் தெரிய உரிமை உண்டு. ஒரு நாள் பங்கு போவதற்காக நண்பன் கோபப்படுவான். படட்டும்.

9. வீட்டில் ஒப்படைப்பது

வாசலில் இறக்கிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவதற்குப் பெயர் ஒப்படைப்பது இல்லை. உள்ளே போய், என்ன குடித்தான், அடிபட்டதா, எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிறவனா? ஆம் என்றால் அவனை அன்று வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. வெளியே நாம் நல்லபடியாகச் சமாளித்த பூதத்தை ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதை என்னால் நட்பு என்று சொல்ல முடியாது. 'மதினி, அவன் இன்னைக்கு எங்க வீட்டுல படுத்துக்கட்டும், காலையில கூட்டிட்டு வாரேன்' என்று போன் போடுங்கள். அவர் சரி என்று சொல்லும் குரலிலேயே உங்களுக்கு நிறையத் தெரியும். 181 எண்ணையும் ஒருநாள் தனியாகச் சொல்லி வையுங்கள், அதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

10. மறுநாள் பேச்சு

முதல் காலை வேண்டாம். தலைவலியில் இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான், சாயங்காலமே மறப்பான். அன்று மாலையோ மறுநாளோ, குடிக்காத நேரத்தில், அவனும் நீங்களும் மட்டும். டீக்கடையில் வேண்டாம். வலை பின்னும் இடம், வள்ளத்து நிழல், நடந்துகொண்டே பேசுவது, இதெல்லாம் நல்லது. முகம் பார்க்காமல் பேசினால் கூச்சம் குறையும்.

'நீ குடிச்சா மனுஷனே இல்லடா' என்று தொடங்கினால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவான். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 'மாப்ள, நேத்து ராத்திரி நீ ஜெட்டியில இருந்து குதிக்கப் போனே. நான் கையப் புடிச்சு இழுத்தேன், என்னை அடிச்சே. இனிமே ஜெட்டிக்கு நான் வரமாட்டேன், சாவியும் மொதல்லயே என்கிட்ட இருக்கணும்.' ஒரு சம்பவம், ஒரு கோரிக்கை. பழைய கணக்கு முழுவதையும் இறக்கினால் எதையும் கேட்க மாட்டான்.

'எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல' என்று சொன்னால் நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். வேகமாக நிறையக் குடித்தால் மூளை நினைவைப் பதிவதையே நிறுத்திவிடும். ஆள் நடப்பான், பேசுவான், பதிவு மட்டும் இருக்காது. இது அடிக்கடி நடக்கிறது என்றால் அளவு கைமீறிவிட்டது என்று அர்த்தம், அதை அவனிடம் சொல்லுங்கள்.

உடைந்த நாற்காலிக்கு அவன் பணம் கொடுக்கட்டும். யாரைத் திட்டினானோ அவரிடம் அவனே போகட்டும். நீங்கள் முந்திக்கொண்டு 'போதையில பேசிட்டான், மனசுல வச்சுக்காதீங்க அண்ணே' என்று ஊர் முழுக்கச் சமாதானம் பேசினால் அவனுக்கு எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிடும்.

தலைவலிக்குப் பாரசிட்டமாலை அள்ளிப் போடவும் விடாதீர்கள், முந்தைய நாள் அடிவாங்கிய கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

11. எல்லை போடுவது

பேசியும் மாறவில்லை என்றால் நீங்கள் செய்ய மாட்டேன் என்பவற்றைச் சொல்லுங்கள். குடிக்கப் பணம் தர மாட்டேன், பசி என்றால் சாப்பாடு வாங்கித் தருகிறேன். போலீஸ் பிடித்தால் பரிந்துபேச வர மாட்டேன், மருத்துவமனை என்றால் எந்த நேரமும் வருகிறேன். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் பாரதிய நியாய சம்ஹிதை 355ஆம் பிரிவில் 24 மணி நேரம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ சமூக சேவையோ உண்டு. அதை ஒருமுறை அவனே அனுபவித்தால் நம் பேச்சுக்கு எடை கூடும்.

எல்லையைக் கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து போட வேண்டும். ஒருவர் மறுத்து இன்னொருவர் கொடுத்தால் மறுத்தவன் விரோதியாவதோடு சரி.

12. தினக்குடியாக மாறியிருந்தால்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வேலை இல்லை, பகல் நீளம். சாயங்காலம் மட்டும் குடித்தவன் மதியமே தொடங்குவது இந்த இரண்டு மாதத்தில்தான். அந்த நாட்களில் கவனியுங்கள்.

'இன்னையோட விட்டுட்டேன்' என்று அவன் சட்டென்று நிறுத்தினால் பாராட்டிவிட்டு விடாதீர்கள். நெடுநாள் தினமும் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது, இடம் தெரியாமல் உளறுவது என்று சித்தப்பிரமை வரலாம். இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயிர் போகக்கூடிய நிலை இது. முதலில் மருத்துவமனை. கோயிலில் கயிறு கட்டுவதோ, தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ நேர்ந்துகொள்வதோ அப்புறம் நடக்கட்டும். கயிறு கட்டிய பலர் அந்தப் பயத்தில் சில மாதம் குடிக்காமல் இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கயிற்றால் வலிப்பை நிறுத்த முடியாது.

சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் மாத்திரை கலக்கும் வேலைக்கு ஒருபோதும் துணை போகாதீர்கள். டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்தைச் சாப்பிட்டது தெரியாமல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, உயிரே போகலாம். மருத்துவர் சோதித்துப் பார்த்து, அவன் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது அது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காலை புறநோயாளிச் சீட்டு எடுத்துக் காட்டலாம். 'மனநலம்' என்ற பலகையைப் பார்த்ததும் அவன் திரும்பி நடப்பான், அதற்குத்தான் நீங்கள் கூடப் போகிறீர்கள். அவன் கேட்டால், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கு மருந்து கொடுக்கும் பிரிவு அது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். போகும் முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான 14416 இரண்டும் இலவச எண்கள், 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஆதார், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். தீவிலிருந்து போகிறவர்கள் விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். அன்று காலை அவன் வழக்கம்போல் ஒரு கட்டிங் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்றால் சண்டை போடாமல் அப்படியே கூட்டிப்போய், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சேர்த்துக்கொண்டால் முதல் நாலைந்து நாள் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கூட்டாளிகள் முறை வைத்துக்கொள்ளுங்கள், மனைவி தலையில் முழுவதையும் கட்டாதீர்கள். மறுபடி வரச் சொன்ன தேதியைச் சீட்டில் பார்த்து, யார் கூடப் போவது என்பதை மருத்துவமனை வாசலிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.